பச்சைதான் விழுந்தது

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு 'சிக்னல்' என்று பெயர். கெட்ட எண்ணத்தில் யாரும் வைத்ததில்லை. பத்தொன்பது வருடமாக சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விழுந்தால் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிடுவாள். கூட வருகிற சைக்கிள்காரர்கள் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நழுவிப் போவார்கள். அவள் அசைய மாட்டாள்.

"உங்களுக்குன்னு தனியா ஒரு ஆள் வந்து பச்சை போடணுமா அக்கா?" என்று கேலி செய்வார்கள்.

"போடுற வரைக்கும் நிப்பேன்" என்பாள்.

அப்படிப்பட்டவள் சிவப்பு விளக்கை மீறிப் போய் வேனில் அடிபட்டாள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

நடந்தது ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி வாக்கில். பீங்கான் பற்களைச் சுட்டெடுக்கும் உலை பழுதாகி, புது உலை பொருத்துவதற்காகக் கூடத்துக்குப் பத்து நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். அது முடிந்து முதல் நாள். அவள் வரும் கிளைத் தெரு பெரிய ரோட்டைத் தொடும் முக்கில், வழக்கம்போல ஓரத்தை ஒட்டி நின்றாள். முன்னால் புதிதாக ஒரு விளம்பரப் பலகை முளைத்திருந்தது. மெத்தை விளம்பரம். ஒரு கணவனும் மனைவியும் முகத்தோடு முகம் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். மெத்தை வாங்கினால் இப்படியெல்லாம் கூட நடக்குமா என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அன்று காலையில் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டுப் படிக்கட்டு வரை வெள்ளம். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், கையிலிருந்த கருவிப் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டு, "உனக்கு எதுலயாவது கவனம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பச்சை விழுந்தது. மிதித்தாள். நடு ரோடு வரை போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ பெரிதாகி வந்தது. அப்புறம் தார் ரோடு கன்னத்தில் சுட்டது.

இடது மணிக்கட்டு முறிந்துபோனது. விலாவில் ஊமைக்காயம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு கிடந்தவளிடம் போலீஸ் ஏட்டு வந்து விசாரித்தார். தொப்பை வைத்த, நிதானமான மனிதர்.

"பச்சை பார்த்துட்டுத்தான் சார் கிளம்பினேன்."

"வேன்காரரும் பச்சைங்கிறார். அவருக்குப் பின்னாடி வந்தவரும் பச்சைங்கிறார். உங்க தெருவுல, உங்களுக்குப் பக்கத்துல கார்ல நின்னவர் சிவப்புங்கிறார். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பச்சை விழாதும்மா. சிக்னலோட கன்ட்ரோல் பெட்டி அப்படி விடாது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு யாரு சொன்னா? அவசரத்துல கண்ணு ஏமாத்தியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் எழுதிய வேகத்தைப் பார்த்தால், வரும்போதே பாதி எழுதிவிட்டு வந்தவர் போலிருந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கணவர் நின்றுகொண்டிருந்தார். குளுக்கோஸ் சொட்டுவதையே பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார், தண்ணி வேணுமா என்று கேட்டார். சிவப்பா பச்சையா என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம்புகிறவர் நம்புகிறேன் என்று சொல்லியிருப்பார். நம்பாதவர் கேள்வியாவது கேட்டிருப்பார். இந்த மனிதர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், ஏற்கனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? அவளுக்கு முதல் சந்தேகம் அங்கே விழுந்தது.

இரண்டாவது சந்தேகம் தன் மேலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், கட்டுப் போட்ட கையோடு நடந்தே அந்த முக்குக்குப் போனாள். நடைபாதையில் அரை மணி நேரம் நின்றாள். கிளைத் தெருவுக்குச் சிவப்பு விழுந்தால் பெரிய ரோட்டுக்குப் பச்சை. பெரிய ரோட்டுக்குச் சிவப்பு விழுந்தால் கிளைத் தெருவுக்குப் பச்சை. கடிகாரம் மாதிரி மாறிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அப்படியானால் தான் பார்த்தது என்ன?

சாதாரணப் பெண்ணாக இருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று விட்டுவிடலாம். அவள் பிழைப்பே கண். அவள் செய்வது முன்பல் வேலை. ஒருவருடைய மற்ற பற்களின் நிறத்துக்குச் சரியாகப் பீங்கான் தூளைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, உலையில் சுட்டு எடுக்க வேண்டும். மஞ்சளில் ஒரு துளி சாம்பல் கூடினாலும் வாயைத் திறக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். பதினாறு நிற மாதிரிகளையும் கலைத்துப் போட்டால் வெறும் கண்ணால் வரிசையாக அடுக்குவாள். அந்தக் கண்ணுக்கா சிவப்பு பச்சையாகத் தெரிந்தது?

கூடத்து முதலாளியும் இதையேதான் யோசித்தார் போலிருக்கிறது. வலது கை நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவது வாரம் அவள் வேலைக்குப் போனபோது, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டபடியே நிற மாதிரிகளை மேஜையில் கொட்டினார்.

"சும்மாதான். ஒரு தடவை அடுக்கிக் காட்டுங்களேன்" என்றார்.

சும்மா யாரும் அடுக்கச் சொல்வதில்லை. அவள் அடுக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் பதினோராவது மாதிரியில் கை ஒரு நொடி தயங்கியது. அவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"கட்டு பிரிக்கிற வரைக்கும் பிளாஸ்டர் அச்சு வேலையைப் பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பத்தொன்பது வருடத்தில் அவளை பிளாஸ்டர் மேஜைக்கு யாரும் அனுப்பியதில்லை. பக்கத்து மேஜைப் பெண்கள் அன்று 'சிக்னல்' என்று கூப்பிடவில்லை. பரிதாபத்தோடு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுதான் இன்னும் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் டிரைவர் வீட்டுக்கு வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு எடுத்துப் போகிற வேலை. வெறுங்கையோடு வரவில்லை. அவளுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முன்சக்கரம் புதிது, ஹேண்டில்பார் நேராகியிருந்தது, மணிகூட மாற்றியிருந்தான்.

கணவர் உருகிப்போனார். "உள்ள வாங்க, உக்காருங்க. யாரு இப்படியெல்லாம் செய்வா?"

யார் செய்வார் என்றுதான் அவளும் யோசித்தாள். தப்பு தன் மேல் இல்லை என்று எழுதி வாங்கிவிட்ட ஒருவன், எதற்காக இவ்வளவு தூரம் மெனக்கெட வேண்டும்? அடிபட்ட சைக்கிளில் எங்கே நசுங்கியிருந்தது, எந்தப் பக்கம் கீறியிருந்தது என்பதெல்லாம் இப்போது போயே போய்விட்டது. துடைத்து வைத்த மாதிரி இருந்தது சைக்கிள்.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "அக்கா, அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க? நடு ரோட்டுலயா, ஓரமாவா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

அந்த வாரத்தில் இது இரண்டாவது 'சும்மா'.

"சைக்கிள்காரி ஓரமா நிக்காம வேற எங்க நிப்பா?"

"ரொம்ப ஓரமா? கல்லுல கால் வைக்கிற மாதிரியா?"

"எனக்குத் தலை வலிக்குது" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் போன பிறகு கணவர் கடிந்துகொண்டார். "நல்ல மனுஷன் வீடு தேடி வந்திருக்கான். மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுறே."

"நல்ல மனுஷன் எதுக்கு வக்கீல் மாதிரி கேள்வி கேக்குறான்? நீங்களே ஒரு கேள்வியும் கேக்கலை. அவனுக்கு என்ன வந்துச்சு?"

அவர் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த முக்குக்குச் சற்றுத் தள்ளி, செய்தித்தாள் கடைக்குப் பக்கத்தில், அதே வெள்ளை வேன் நின்றிருந்தது. புதன்கிழமையும் நின்றது. உள்ளே அவன் ஸ்டியரிங் மேல் ஒரு நோட்டை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். ஏதோ கணக்கோடு வேலை பார்க்கிறான். இன்னும் என்ன பழியைத் தன் தலையில் கட்டப் போகிறானோ?

வியாழக்கிழமை ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டாள். வேனின் பின்பக்கமாக நடந்து வந்து, கண்ணாடியைத் தட்டினாள். அவன் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டான்.

"என்ன எழுதுறீங்க?"

"அக்கா..."

"என்னைப் பத்தியா? காட்டுங்க."

அவன் மறுக்கவில்லை. நோட்டை நீட்டினான். அதில் நேரம் மட்டும்தான் இருந்தது. ஐந்து இருபது, ஒரு பெண். ஐந்து நாற்பத்தெட்டு, வயசானவர். ஆறு மணி, பள்ளிக்கூடப் பை.

"சிவப்புல போன சைக்கிளுங்க. மூணு நாள்ல ஆறு பேர்" என்றான்.

"சைக்கிள்காரங்கன்னா சிவப்புல போவாங்கன்னு காட்டப் போறீங்களா? அதுக்கு நோட்டுப் போட்டு எழுதணுமா? ஊருக்கே தெரியுமே."

"இல்லக்கா, கொஞ்சம் கேளுங்க." அவன் இறங்கி வந்தான். "அவசரக்காரன் எப்படிப் போவான்? வர்ற வேகத்துலயே ரெண்டு பக்கமும் பார்த்துட்டுப் போயிடுவான். அப்படிப் போறவங்களை நான் எழுதவே இல்லை. இவங்க ஆறு பேரும் வந்து நின்னாங்க. கால் ஊனி, பொறுமையா நின்னாங்க. அப்புறம் கிளம்பினாங்க. சரியா பெரிய ரோட்டுக்குப் பச்சை விழுற நேரத்துல. சிவப்பை மதிக்காதவன் எதுக்கு நிக்கணும்? நின்னவன் எதுக்குச் சிவப்புல போகணும்?"

அவள் நோட்டை மறுபடி புரட்டினாள்.

"நீங்க கீழ கிடக்கும்போது பச்சைதானே, பச்சைதானேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. எலும்பு உடைஞ்சு கிடக்கிறவங்க யாரும் பொய் சொல்லிப் பார்த்ததில்லக்கா. எனக்குச் சோறு இறங்கலை. ஆனா நானும் பச்சைதான் பார்த்தேன். சத்தியமா."

சத்தியத்தை நம்பலாமா என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த ஒரு வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. நின்றவன் எதற்குச் சிவப்பில் போக வேண்டும்?

"அன்னைக்கு நீங்க நின்ன இடத்துல நிப்பீங்களா?" என்று கேட்டான்.

அவள் ரோட்டோரம் போனாள். நடைபாதையில் அல்ல, அதற்குக் கீழே, சைக்கிள் நிற்கிற இடத்தில். ஒரு காலை ஓரக்கல்லில் வைத்தாள். அவன் கொஞ்சம் தள்ளி, கார்கள் நிற்கும் வரிசையில், பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டிவிட்டு நின்றான்.

"என்ன விளக்குக்கா?"

"சிவப்பு."

"எனக்குப் பச்சை."

கொஞ்ச நேரத்தில் எதிரே விளக்கு மாறியது.

"இப்போ?"

"பச்சை" என்றாள். "பச்சை விழுந்துடுச்சு."

"எனக்குச் சிவப்புக்கா. நகராதீங்க. அங்கேயே நில்லுங்க."

அவன் அவளருகே வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. எதிர்முனைக் கம்பத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று கிளைத் தெருவைப் பார்ப்பது, மற்றது பெரிய ரோட்டைப் பார்ப்பது. ஓரத்தில் நின்றவளுக்குத் தன் தெருவின் விளக்கு தெரியவே இல்லை. மெத்தைப் பலகை அதை அப்படியே மறைத்திருந்தது. பெரிய ரோட்டு விளக்கோ தன் இடத்திலிருந்து சற்றுத் திரும்பி, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதும் பார்க்கிற திசையில் ஒரு விளக்கு எரிந்தது, அவள் பார்த்தாள், அவ்வளவுதான். நடைபாதையிலிருந்து பார்த்தால் பலகை விலகிவிடும். காரிலிருந்து பார்த்தாலும் விலகிவிடும். இரண்டடி அகல இடத்துக்கு மட்டும்தான் இந்தப் பொய். அந்த இரண்டடியில்தான் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள்.

செய்தித்தாள் கடைக்காரம்மாவைக் கேட்டார்கள். "ஆமா, இந்தப் போர்டு மாட்ட வந்த லாரியோட கிரேன் கை அந்தக் கம்பத்துல டங்குன்னு இடிச்சுது. விளக்கு எரியுதான்னு அண்ணாந்து பார்த்தாங்க. எரிஞ்சுது. போயிட்டாங்க" என்றாள். எப்போது என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணினாள். பல் கூடத்தின் விடுமுறை நாட்களுக்குள் அது வந்தது.

அவள் ஓரக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"தம்பி, உங்களை நான் என்னவெல்லாமோ நினைச்சுட்டேன்."

"பரவாயில்லக்கா. நானும்தான் முதல் ரெண்டு நாள் உங்களைத் திட்டிட்டே திரிஞ்சேன்."

மறுநாள் காலை ஏட்டு வந்தார். வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். நின்று பார்த்துவிட்டு, "எனக்குச் சரியாத்தானே தெரியுது" என்றார். அவர் நின்றது நடைபாதையில். கீழே வரச் சொன்னார்கள். அவருடைய உயரத்துக்கு அப்போதும் பலகைக்கு மேலே விளக்கின் சிவப்பு எட்டிப் பார்த்தது. "சைக்கிள்ல உக்காந்து பாருங்க சார்" என்றான் டிரைவர். ஏட்டு நாலு பக்கமும் பார்த்தார். வேறு வழியில்லாமல் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, டிரைவர் தள்ளிக்கொண்டு வந்திருந்த அவளுடைய சைக்கிளில் ஏறி, தொப்பையை ஹேண்டில்பாருக்குப் பின்னால் அடக்கி, ஒரு காலைக் கல்லில் ஊன்றினார்.

விளக்கு மாறியது. ஏட்டின் வலது கால் தன்னையறியாமல் பெடலை ஒரு மிதி மிதித்தது. டிரைவர் பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். பஸ் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு அவர் முன்னால் கடந்து போனது.

ஏட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு வாங்கம்மா. எழுதினதைத் திருத்தணும்" என்றார்.

நியாயமாக, கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் ஏட்டு பழைய தாள்களைப் புரட்டி, ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். டிரைவர் சொன்னது, கார்க்காரர் சொன்னது, பின்னால் வந்தவர் சொன்னது. நாலாவது தாளில் அவள் கணவரின் கையெழுத்து இருந்தது. அவர் வாக்குமூலம் கொடுத்ததே அவளுக்குத் தெரியாது. வாசித்தாள். 'என் மனைவி அன்று காலை கோபத்தில் கிளம்பினாள். கவனம் இல்லாமல் போயிருக்கலாம்.'

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து கை கழுவும்வரை காத்திருந்தாள்.

"விளக்குதான் திரும்பியிருந்துச்சு. ஏட்டையாவே பார்த்துட்டார்" என்றாள்.

"நிஜமாவா?" அவர் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே—"

"அப்பவே என்ன எழுதிக் குடுத்தீங்கன்னு படிச்சேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூட மறந்து நின்றார்.

"ஊரே என்னைச் சந்தேகப்பட்டுச்சு, தாங்கிக்கிட்டேன். என் கண்ணை நானே சந்தேகப்பட்டேன். முதலாளி என்னை பிளாஸ்டர் மேஜைக்கு அனுப்பினார். எல்லாத்துக்கும் முன்னாடி கையெழுத்துப் போட்டது நீங்களா?"

"நீ சிவப்புல போயிருப்பேன்னு நான் சொல்லலை."

"வேற என்ன சொன்னீங்க?"

அவர் குழாயை மூடினார். சமையலறை வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். "நான்தான் உன்னைத் திட்டி அனுப்பினேன். ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்ததும் எனக்கு அது ஒண்ணுதான் தோணுச்சு. கோவத்துல கண்ணு மண்ணு தெரியாம போயிட்டா, என்னாலதான் போயிட்டான்னு. ஏட்டு கேட்டப்போ அதைத்தான் சொன்னேன். தப்பு என்னோடதுன்னு சொல்றதா நினைச்சுத்தான் சொன்னேன். எழுதினப்போ அது உன்னோட தப்பா ஆயிடுச்சு."

"அப்புறமாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, ஆமா, உங்களாலதான்னு சொல்லிடுவியோன்னு பயம்."

அவள் அவரையே பார்த்தாள். பொய் சொல்லும்போது அவர் காது மடலை இழுப்பார். இழுக்கவில்லை. இருந்தாலும் உடனே மனது இறங்கிவிடவில்லை. நாலு வாரமாக ஒருவரை வேவு பார்த்துப் பழகிய கண் ஒரே நாளில் விட்டுவிடுமா? அன்று அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை.

அடுத்த வாரத்தில் பலகையை எடுத்துவிட்டார்கள். விளக்கை நிமிர்த்தி நேராக்கினார்கள். கூடத்து முதலாளி திருத்திய தாளின் நகலை இரண்டு தடவை படித்துவிட்டு, வாய்க்குள் ஏதோ முனகியபடி, ஆறு முன்பற்கள் கொண்ட ஒரு செட்டை அவள் மேஜையில் கொண்டு வந்து வைத்தார். பக்கத்து மேஜைப் பெண்கள் மறுபடி 'சிக்னல்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டிரைவர் அந்த வழியாகப் போகும்போது ஒரு தடவை ஹாரன் அடித்தான். அவள் துள்ளிக் குதித்துவிட்டாள். அதற்குப் பிறகு அடிப்பதில்லை, கையை மட்டும் ஆட்டுகிறான்.

கட்டு பிரித்த மறுநாள், அவள் சைக்கிளை வெளியே எடுத்தபோது கணவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. முக்கு வந்தது.

"எங்க நின்னே?"

காட்டினாள். அவர் அந்த இடத்தில் போய் நின்று, ஒரு காலைக் கல்லில் வைத்து, முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினார். எதிரே அவர்கள் தெருவின் விளக்கு பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தது. மற்ற விளக்கின் முதுகுகூடத் தெரியவில்லை. பார்ப்பதற்கு இப்போது அங்கே ஒன்றுமே இல்லை.

"இங்கேருந்து பச்சையா தெரிஞ்சுச்சு?"

"தெரிஞ்சுது."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். பின்னால் ஒரு கார் பொறுமையில்லாமல் உறுமியது.

"சரி" என்றார்.

பச்சை விழுந்தது. அவள் உடனே கிளம்பவில்லை. இரண்டு பக்கமும் சக்கரங்கள் நிற்கின்றனவா என்று பார்த்தாள். கார்க்காரர் ஹாரனை அழுத்தினார். கணவர் ரோட்டில் இறங்கி அந்தக் காருக்கு நேராகக் கையை உயர்த்தி, "இருங்க சார், அவங்க பார்த்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவள் பார்த்துவிட்டுப் போனாள்.